விரல் பட்ட வில்லைகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அண்ணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணவர் அங்கே எல்லோருக்கும் அண்ணன் என்றால் அவள் வேறு என்னவாக இருக்க முடியும்? வயதில் இருவருக்கும் மூத்த இயக்குநர்கூட ஒருமுறை வாய்தவறி, "அண்ணி, உலை எப்ப காலியாகும்?" என்று கேட்டுவிட்டு, சுற்றியிருந்தவர்கள் சிரித்ததும் தானும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

அண்ணன் வேலை பார்த்தது மாடியில், பூச்சுப் பிரிவில். அவள் கீழே, உலைகள் இருக்கும் அறையில். மின்நிலையங்களில் சுழலும் டர்பைன் பிளேடுகளின் மேல் ஓர் உலோகப் பூச்சு உண்டு. அது தாங்க வேண்டிய சூட்டில் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் எந்த உலோகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பூச்சுக்குள் கலந்திருக்கும் அலுமினியம் மெல்ல மேலே வந்து, அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரு மெல்லிய தோலாகப் படியும். தோல் கிழியாதவரை உள்ளே இருப்பது பிழைக்கும். உரிந்துவிட்டால் பிளேடின் ஆயுள் அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், தெளித்துப் பூசிய பூச்சு உப்புத்தாள்போலச் சொரசொரவென்று இருக்கும். மேடான இடங்களில் அலுமினியம் சீக்கிரம் தீர்ந்துபோய், தோல் முதலில் அங்கேதான் உரியும். அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பூச்சின் மேற்பரப்பை மட்டும், மயிரிழையின் கனத்தில் கால்வாசி ஆழத்துக்கு, பீம் என்று அவர்கள் சொல்லும் எலக்ட்ரான் கற்றையால் ஒரு கணம் உருக்கி உறையவிடுவது. மேடு பள்ளம் எல்லாம் கரைந்து சமமாகிவிடும். தோலும் சமமாகப் படியும். கேட்க எளிது. செய்துகாட்ட அவருக்கு நடுவயது முழுவதும் போயிற்று. கற்றையின் சூடு கூடினால் பூச்சு கொதித்துத் தெறிக்கும், குறைந்தால் உருகவே உருகாது. மற்றவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்ப் பதவி உயர்ந்தார்கள். அவர் அந்தக் கற்றை இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு மதியம், பூச்சுப் பூசிய, நாணய அளவுள்ள உலோக வில்லை ஒன்றை இடுக்கியில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பூச்சு கண்ணாடியாக மின்னியது.

"பாத்தியா? இத வெச்சு நான் தலைகூட வாருவேன்," என்றார்.

"அதுக்குத் தலையில முடி வேணுமே," என்றாள் அவள்.

உலை அறையே சிரித்தது. தராசைக் கவனிக்கும், குண்டூசி என்று பேரெடுத்த ஒல்லி ஆள் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். அண்ணனை அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அதுதான் கடைசி.

வயிற்று வலி என்று போனவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். மருத்துவர் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் நடுவிலே புகுந்து, "மாசக் கணக்கா, வருஷக் கணக்கா? அத மட்டும் சொல்லுங்க," என்றார். மாசம்தான் என்று பதில் வந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அவர் பேசிய முதல் பேச்சே சோதனையைப் பற்றித்தான்.

"சைக்கிள் டெஸ்ட்ட உடனே ஆரம்பிச்சிரு. நான் இருக்கும்போதே முடிவு தெரிஞ்சிரணும்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இப்ப அதுவா முக்கியம்?"

"வேற எது? மாத்திரையா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தா, வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன். உன்ன நம்பித்தான் விடறேன்."

சைக்கிள் டெஸ்ட் என்பது நிஜ இயந்திரம் படும் பாட்டை வில்லைகளைப் படவைப்பது. இயந்திரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதே மாதிரி வில்லைகளை உலையில் ஒரு மணி நேரம் பழுக்கவைத்து, வெளியே எடுத்து ஆறவைத்து, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். தோல் வளர்வதால் எடை துளித்துளியாகக் கூடும், அது நல்லது. எடை குறைந்தால் தோல் உரிந்து கொட்டுகிறது என்று அர்த்தம். வில்லைகள் தேறிவிட்டால் அடுத்தது நிஜப் பிளேடு, நிஜ இயந்திரம். இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆரம்பத்தில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. கற்றை படாத வில்லைகள் எதிர்பார்த்ததுபோலச் சீக்கிரமே உரிந்தன. கற்றை பட்ட ஐந்தும் அசையவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் படுக்கையறையிலிருந்து குரல் வரும். "எவ்வளவு?" அவள் எடையைச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் காற்றில் ஒரு கோடு வரைவார். கோடு மெல்ல மேலேறிச் சமமாக ஓடும். அன்றைக்கு நாலு வாய் கூடச் சாப்பிடுவார்.

அப்பாவைக் கவனிக்க மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "என்னம்மா இது, மருந்துல வராத தெம்பு அவருக்கு உங்க தராசுல வருது," என்பாள்.

பிறகு ஒரு நாள், எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. கட்டி கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனிமேல் ஊசி போட்டுப் பயனில்லை. போனைக் காதில் வைத்தபடி அவள் என்ன சொன்னாள், எப்போது வைத்தாள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. நினைவு திரும்பும்போது வில்லைகள் தட்டில் இருந்தன, உலைக் கதவு மூடியிருந்தது, அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த எடையில் ஒரு வில்லை இறங்கியது. தராசுதான் சரியில்லையோ என்று குண்டூசியைக் கூப்பிட்டாள். அவர் தராசைச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அதே எடை. அன்று சாயங்காலம் அண்ணன் தூங்கிப்போயிருந்தார், கேட்கவில்லை. அதற்கடுத்த முறை நாலு வில்லைகள் இறங்கிவிட்டன. பீங்கான் கிண்ணத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் செதில்கள் கிடந்தன, பொடுகு மாதிரி.

"அண்ணி..." என்று ஆரம்பித்த குண்டூசி கிண்ணத்தை மூடிவைத்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மகள் ஒரே பிடியாக நின்றாள். "சொல்லாதம்மா. நல்லா இருக்குன்னு சொல்லிடு. இனிமே அவர் அந்த அறைக்கு வந்து பாக்கப்போறாரா?"

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அவர் "எவ்வளவு?" என்று கேட்டதும் நாக்கு புரளவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்கு அவள் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். புடவை விலையில் பொய் சொல்லியிருக்கிறாள், தன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று பொய் சொல்லியிருக்கிறாள். தராசு காட்டியதில் சொன்னதில்லை.

"இறங்கிடுச்சுங்க," என்றாள்.

விரல் காற்றில் பாதியிலேயே நின்றது.

"எத்தனை வில்லை?"

"அஞ்சுல நாலு."

"எந்த இடத்துல?"

"விளிம்புப் பக்கம். கோடு கோடா உரிஞ்சிருக்கு."

அவர் அவள் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"கிளவுஸ் போட்டிருந்தியா?"

"போட்டுத்தான் எடுப்பேன். இது என்ன கேள்வி?"

"எல்லாத் தடவையுமா?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. ஆயுள் முழுவதும் வரைபடங்களில் மிகச் சின்ன சரிவையும் கண்டுபிடித்த மனிதர் அவர். அந்த இடைவெளி அவர் கண்ணுக்குத் தப்புமா?

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சே, அன்னிக்கு... எனக்குச் சரியா ஞாபகம் இல்லீங்க."

"அப்ப வெறுங்கையால தொட்டிருக்க."

"தொட்டேன்னு சொல்லல. ஞாபகம் இல்லேன்னு சொன்னேன்."

"வேர்த்த கை. உப்பு. அந்தச் சூட்டுல உப்பு பட்டா தோல் என்ன ஆகும்னு புதுசா வர்றவங்களுக்கு நீதானே பாடம் எடுப்ப?" அவர் எழுந்து உட்கார முயன்று, முடியாமல் சாய்ந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "ஒரே ஒரு வேல குடுத்தேன். ஒண்ணே ஒண்ணு."

அவள் என்ன சொல்லியிருக்க முடியும்? உங்கள் கட்டி பரவிவிட்டது என்று கேட்ட அதிர்ச்சியில் என் கை எனக்குத் தெரியவில்லை என்றா? அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. எந்த மேசையில் வைத்தாய், இடுக்கியை எதில் துடைத்தாய், கை கழுவினாயா, எந்த சோப்பில் கழுவினாய்? மாத்திரை கொடுக்கப் போனால் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "அவள கொண்டுவரச் சொல்லு," என்று மகளைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வாயில் தண்ணீர் விடுவதுகூட மகள்தான். அவள் கதவோரம் நின்று பார்ப்பாள்.

"அப்பா வலியில பேசறாரும்மா. மனசுல வெச்சுக்காத," என்பாள் மகள்.

வலியில் பேசவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் புத்தி கடைசிவரை தெளிவாகவே இருந்தது. தன் வேலை தோற்றுவிட்டது என்று எண்ணிக்கொண்டு சாவதைவிட, மனைவி கெடுத்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு சாவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். சில சமயம் அவள் அதை மன்னித்தாள். சில சமயம் சமையலறையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இயக்குநர் பார்க்க வந்தார். தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அண்ணன் சட்டென்று சொன்னார்.

"முறையில தப்பில்ல சார். இவ கெடுத்துட்டா."

அவள் தேநீர்க் கோப்பைகளோடு வாசற்படியில் நின்றாள். இயக்குநர் அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவள் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அண்ணன் போய்விட்டார். காலையில் மகள் எழுப்பினாள், எழவில்லை. கடைசியாக அவளிடம் ஏதாவது சொன்னாரா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். தூங்கும்போதே போய்விட்டார் என்று சொன்னாள். அது உண்மையும்கூட.

ஆய்வுக்கூடமே வந்து நின்றது. குண்டூசி குழந்தைபோல அழுதார். பூச்சுப் பிரிவுக்காரர் ஒருவர் இன்னொருவரிடம், "பாவம், கடைசியில இப்படி ஆகியிருக்க வேணாம்," என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

திரும்ப வேலைக்குப் போன அன்றே அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"அவர் கையால பீம் போட்ட வில்லைங்க இன்னும் கொஞ்சம் மாடியில பூட்டி வெச்சிருக்கு. அத வெச்சு மறுபடி ஒருதடவ ஓட்டணும்."

"இப்ப எதுக்குங்க அண்ணி? கொஞ்ச நாள் ஓய்வெடுங்க."

"எனக்குத் தெரியணும் சார்."

அவர் சரி என்றார். அந்த முகத்துக்கு எதிரே வேறு என்ன சொல்வது?

இந்த முறை அவள் இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். போனை வேறு அறையில் வைத்தாள். வில்லைகளை இடுக்கியைத் தவிர வேறெதுவும் தொடவில்லை. "ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு சுத்தம் கிடையாதுங்க அண்ணி," என்று குண்டூசி பழையபடி சிரிக்கவைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு கேலி பேசுவதை விட்டுவிட்டார்.

எடை கூடியது. மறுபடி கூடியது. போனமுறை இறங்கிய இடம் நெருங்க நெருங்க அவளுக்குத் தன்னைப் பற்றியே ஒன்று புரிந்தது. அவள் வேண்டிக்கொண்டிருந்தது தன் பெயர் துலங்க வேண்டும் என்றல்ல. வில்லைகள் நிற்க வேண்டும், தான் கெடுத்தவளாகவே இருக்க வேண்டும் என்றுதான். அவர் சரியாகச் சொன்னவராகப் போகட்டும். அவருடைய நடுவயது வீணாகாமல் இருக்கட்டும். குற்றம் தன் விரலோடு முடிந்துபோகட்டும். உலைக் கதவின் சூட்டில் முகம் காய நின்றபடி, "உரியாத, உரியாத," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உரிந்தது. போனமுறை உரிந்த அதே கட்டத்தில், அதே விளிம்புப் பக்கத்தில், அதே கோடுகளாக.

மைக்ராஸ்கோப் அறையில் இருக்கும் பெண் வில்லையைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, திரையில் காட்டினாள். கற்றை ஒரு வரிசை உருக்கிவிட்டு அடுத்த வரிசைக்கு நகரும்போது இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்த இடம் இரண்டு முறை உருகி உறைந்ததில் நூலைவிடச் சின்ன விரிசல்கள் விட்டிருந்தன. அவற்றின் வழியாக ஆக்சிஜன் உள்ளே இறங்கி அடியிலிருந்து தோலைக் கிளப்பிவிட்டிருந்தது. அந்தப் பெண் முதல் சோதனையின் வில்லையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"பாருங்க அண்ணி, உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மேல தப்பே இல்ல!" என்றாள் அவள் முகம் மலர்ந்து. நல்ல மனசு. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கவும் செய்தாள்.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கோடாக உரிந்திருக்கிறது என்று தன் வாயாலேயே அவரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. விரல் பட்ட இடம் நேர்கோடாகவா உரியும்? உலகத்தில் அந்த இயந்திரத்தை அவர்போல அறிந்தவர் வேறு யாருமில்லை. அந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கியிருந்தால் நொடியில் பிடித்திருப்பார். அவளாவது பட்டென்று ஒரு வில்லையை வெட்டி, படத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டிருக்கலாம். அவள் செய்யவில்லை. அவர் அவள் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார், அவள் தன் ஞாபகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். யோசிக்கத் தெம்பிருந்த அவருடைய கடைசி வாரங்கள் அதிலேயே தீர்ந்துபோயின.

இயக்குநரிடம் படங்களைக் காட்டினாள்.

"வரிசையும் வரிசையும் சேர்ற இடத்துல மட்டும் பீமோட சூட்டக் குறைச்சா விரிசல் விடாதுன்னு தோணுது சார். ஒரு தடவ பண்ணிப் பாக்கலாம்."

அவர் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இருக்கலாம். ஆனா யார் பண்றது? உங்களுக்கு உலை தெரியும். பீம் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். அந்த மெஷினையும் வெல்டிங் பிரிவு எடுத்துக்கிட்டாங்க. போன வாரமே கழட்டிட்டுப் போயாச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டர்பைன்ல பிளேடு வெச்சுப் பாக்கறத நிறுத்தச் சொல்லிட்டேன். இதோட முடிச்சுக்கலாம் அண்ணி. நீங்க கெடுக்கலேன்னு எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

"அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. அவள் படங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் மகள் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். விவரம் கேட்டதும் துணிகளை அப்படியே போட்டுவிட்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாடா! உன்மேல பழி இல்லன்னு ஆயிடுச்சில்ல? அது போதும்மா. இனிமேலாவது நிம்மதியா இரு."

"பழி இருந்திருந்தா அவர் ஜெயிச்சிருப்பாரு."

"என்னம்மா பேசற நீ?"

"ஒண்ணுமில்ல. வண்டிக்கு நேரமாகுது, பெட்டிய மூடு."

மகள் போன பிறகு வீடு வீடாக இல்லை. படுக்கையறை மேசையில் மருந்துக் குப்பிகள் அப்படியே இருந்தன. அவற்றைத் துணிப்பையில் அள்ளிப் போட்டாள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்பட அவர் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் அவர் இல்லை. இரண்டும் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உறுத்தின.

மறுநாள் உலையில் வேறு பிரிவுக்காரர்களின் வில்லைகள் காத்திருந்தன. வேறு பூச்சு, வேறு முறை. கொண்டுவந்த இளைஞர் மிகவும் நம்பிக்கையோடு இருந்தார். இது நிச்சயம் தாங்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். வில்லைகளைக் கிண்ணங்களில் அடுக்கி உள்ளே தள்ளிக் கதவை இறுக்கினாள்.

"முடிவு எப்பங்க அண்ணி தெரியும்?" என்று கேட்டார் அந்த இளைஞர்.

"உரியறப்ப தெரியும்," என்றாள் அவள்.

அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். குண்டூசி சிரிக்கவில்லை.